இரப்பர் விலையும் தோட்டத் தொழிலாளரும்

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில் சிடாம் கிரி என்னும் ஊர் உள்ளது. முன்பு அதனைச் சுற்றியும் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களிலும் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பொழுது விடியும் முன்பே தொழிலாளர்கள் பெரட்டுக்குக் கூடுவர்; பிறகு உளியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குச் செல்வர். மழை பெய்தால் வெட்டு இல்லை. மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பாலும் குறையும்.

மழையைப் போலவே அவர்களின் வருமானத்தைப் பாதித்த இன்னொன்று இரப்பரின் விலை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், சம்பளத்தின் ஒரு பகுதி இரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்த விலையோ சுங்கை பட்டாணியில் முடிவாகவில்லை. கோலாலம்பூர், சிங்கப்பூர், தோக்கியோ சந்தைகளில் முடிவானது. அதனை மரம் வெட்டியவர் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் முடிந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்த ஒரு முயற்சி நடந்தது. 1979ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கை இரப்பர் ஒப்பந்தம் உருவானது. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற உற்பத்தி நாடுகளோடு அமெரிக்கா, ஜப்பான் முதலிய பயனீட்டு நாடுகளும் அதில் சேர்ந்தன. அதன் தலைமையகம் கோலாலம்பூரில் இயங்கியது. விலை அளவுக்கு மீறி விழுந்தால் அவ்வமைப்பு இரப்பரை வாங்கிக் கிடங்கில் சேர்த்து வைக்கும். ஏறினால் அதனை எடுத்து விற்கும். 550,000 டன் வரை சேர்த்து வைக்க ஒப்பந்தம் இடமளித்தது.

1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. அமைப்பு தன் விலைக்கோட்டை மலேசிய, சிங்கப்பூர் நாணயங்களைக் கொண்டு கணக்கிட்டது. ஆகவே அமெரிக்க டாலரில் இரப்பர் விலை வீழ்ந்தபோதும், அந்தக் கணக்கில் வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. விலைக்கோட்டை உயர்த்தும்படி உற்பத்தி நாடுகள் கேட்டன. பயனீட்டு நாடுகள் இணங்கவில்லை. 1998இல் மலேசியா விலகுவதாக அறிவித்தது. 1999இல் ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. அதன்பின் விலையைச் சந்தையே தீர்மானித்தது.

2001ஆம் ஆண்டில் ஒரு கிலோ இரப்பர் ஏறத்தாழ 2 ரிங்கிட்டுக்கு விற்றது. பத்தே ஆண்டுகளில், 2011இல், அது 13 ரிங்கிட்டைத் தாண்டியது. பின்னர் மீண்டும் சரிந்தது. ஆனால் நல்ல விலை வந்தபோது பல தோட்டங்களில் வெட்டுவதற்கு மரமே இல்லை. முதலாளிகள் முன்பே இரப்பரை அழித்துச் செம்பனை நட்டிருந்தனர். செம்பனைக்கு ஒரு ஹெக்டருக்குத் தேவைப்படும் ஆள்கள் மிகக் குறைவு. வேலை போனால் லயத்து வீடும் போனது. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் விட்டுக் குடும்பங்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தன.

தாராளமயத்தால் இழப்பு மட்டுமே வந்தது என்று சொல்வது சரியன்று. அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்ததால் சுங்கை பட்டாணியில் தொழிற்பேட்டைகள் பெருகின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மின்னணு ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். மழை பெய்தாலும் அங்கே சம்பளம் உண்டு. ஆயினும் ஐம்பது வயதில் உளியைக் கீழே வைத்த ஒருவருக்கு அந்த ஆலைகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. தோட்டங்களுக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது அது 900 ரிங்கிட்.

எல்லாப் பொருள்களையும் அரசாங்கம் சந்தையிடம் விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இதே கெடாவில் விளையும் நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை உத்தரவாதம் உண்டு. அரிசி இறக்குமதி உரிமையும் ஒரே நிறுவனத்திடம் உள்ளது. சோற்றுக்குக் கிடைத்த அந்தக் காவல் தோட்டத்துப் பாலுக்குக் கிடைக்கவில்லை.

பயனீட்டாளருக்கோ இரப்பர்ப் பொருள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மருத்துவமனைகளில் ஒருமுறை அணிந்து எறியும் கையுறைகளை உலகிலேயே மிகுதியாகச் செய்யும் நாடு மலேசியா. 1980களின் இறுதிவரை இயற்கை இரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடம் வகித்த நாடும் இதுவே. இன்று அந்தக் கையுறைகளுக்கு வேண்டிய இரப்பர்ப் பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது.