பதுளையில் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறீர்களா?

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையத்தைப் பதிவு செய்வது முதல் வேலை. அதோடு முடிந்துவிடாது. என்.வி.க்யூ. (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழுக்கு ஒவ்வொரு பாடநெறிக்கும் தனி அங்கீகாரம் வேண்டும்.

பசறை, மடுல்சீமைத் தோட்டப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெயரைக் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கலாம். சேரும் நாளிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மதிப்பீட்டுப் படிவம் போன பிறகு திருத்துவது பெரும்பாடு. லயத்து முகவரிக்குக் கடிதம் சுற்றித்தான் வரும்; பரீட்சைத் திகதியைத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள். வரவுப் பதிவேட்டையும் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

வேலை தெரிந்த மேசன், வயர்மேன் வந்தால், கட்டணத்துக்காக முழுப் பாடநெறியில் சேர்க்காதீர்கள். அனுபவத்தை மதிப்பிட்டே தகைமை தரும் ஆர்.பி.எல். முறை இருக்கிறது, அதைச் சொல்லி அனுப்புங்கள்.