ஒரு தாளில் நான்கு எண்கள்



விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அநேகர். உழைத்துப் பழகிய உடல் ஓய்வுக்குப்பின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறது. சோற்றின் அளவோ குறைவதில்லை. இம்மாதப் பாடம் அவர்களைக் குறித்தது.

62 வயதான ஒருவருடைய பரிசோதனைத் தாளை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. டிரைகிளிசரைடு 190. நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். 36. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. "126-ஐத் தாண்டவில்லை, எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை" என்று அவர் தாளை மடித்து வைத்துவிடுகிறார். அவர் சொல்வது உண்மையே. ஆனால் தாள் அதற்கும் மேலே ஒன்றைச் சொல்லுகிறது.

ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டுதல், டிரைகிளிசரைடு 150 எட்டுதல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் கீழே இறங்குதல். சர்க்கரை 100 எட்டுதல். இரத்த அழுத்தம் 130/85 எட்டுதல். இவ்வைந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்பர். நம் பெரியவருக்கு நான்கு இருக்கின்றன.

காரணம் என்ன? வயிற்றில் கொழுப்பு சேரும்போது இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. கல்லீரல் கொழுப்பை அதிகமாய் இரத்தத்தில் விடுகிறது. ஆகவே சர்க்கரை எல்லை தாண்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னமே கொழுப்பு எண்கள் மாறத் தொடங்கலாம்.

இந்நோயைக் குறித்த அறிவு நமக்கு அருகிலேயே வளர்ந்தது. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கி, 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவினார். 2005-இல் சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் ஊசியே இல்லாத மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டனர். வயது, இடுப்பு, உழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கே கேள்விகள். 60 எட்டினாலே ஆபத்து அதிகம். நம் பெரியவருக்கு வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உடற்பயிற்சியோ கடின உழைப்போ இல்லாததற்கு 30. தாய்க்கு மட்டும் நீரிழிவு இருந்திருந்தால் இன்னும் 10. மொத்தம் 80.

இந்த எண்கள் தீர்ப்பல்ல, எச்சரிப்பு. 2006-இல் வெளியான, டாக்டர் ஏ. இராமச்சந்திரனின் இந்திய ஆய்வில், ஆபத்து நிலையில் இருந்தவர்களில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினர் மூன்றாண்டுகளில் நீரிழிவுக்கு உட்பட்டனர். நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டோரில் அது 39 சதவீதம். அவர்கள் நடுவயதினர். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்விலோ, 60 வயது கடந்தவர்களுக்கே இம்மாற்றத்தால் மிகுந்த பலன் கிடைத்தது: நோய் வரும் வாய்ப்பு 71 சதவீதம் குறைந்தது.

இரண்டு கவனங்கள். பரிசோதனைக்கு முன் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. காலைக் காபியும் கூடாது. இரத்தசோகை உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண் தவறாகக் காட்டக்கூடும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் பழைய தாள் ஏதேனும் அலமாரியில் இருக்கும். இந்த வாரம் அதை எடுத்து, இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சபையில் தனியாய் வாழும் முதியவர் ஒருவருக்கும் அவ்வாறே செய்வீர்களானால், அது நீங்கள் அனுப்பும் காணிக்கைக்கு ஒப்பான உதவியாகும்.