பின்வரிசையில் நிற்கப்போகும் தம்பிக்கு

தம்பி, அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் உன் பெயரை வாசித்தார்கள் என்று கேட்டு மனம் நிறைந்தது. ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்வரிசையிலேயே என் இளமை கழிந்தது. அந்த உரிமையில் சில சொல்கிறேன், கேள்.

1. கைதட்டலுக்குக் காத்திருக்காதே. நீ தடுப்பாட்டக்காரன். விழ இருந்த கோலை விழாமல் தடுப்பதுதான் உன் வேலை. நடக்காத ஒன்றை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? பின்னால் நிற்கும் கோல்காப்பாளருக்கு மட்டும் தெரியும். ஆட்டம் முடிந்து அவர் உன் தலைக்கவசத்தைத் தட்டிக்கொடுத்தால் அது போதும் உனக்கு.

2. தடுப்பாட்டக்காரன் பழுக்க நாளாகும். மார்க் ஜியோர்டானோவை எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. நடுவில் ஒரு பருவம் ரஷ்யாவுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பினார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது அவருக்கு 2019-ல், 35 வயதில் கிடைத்தது. உன்னைக் கீழ் லீகுக்கு அனுப்பினால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. என் அறைத்தோழன் ஒருவன், அனுப்பப்பட்ட அன்றே பயிற்சியாளரிடம் போய், “எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?” என்று கேட்டான். அதே நாளில் அனுப்பப்பட்ட இன்னொருவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். கேட்டவன்தான் திரும்பி வந்தான்.

3. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இதற்கு நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமைவிட நல்ல பாடம் கிடையாது. ஸ்வீடனிலிருந்து 1991-ல் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு வந்தவர், 20 பருவங்கள் அதே அணிக்கு ஆடினார். 1564 லீக் ஆட்டங்களில் அவர் வாங்கிய தண்டனை 514 நிமிடம்தான். கணக்குப் போட்டுப் பார்: சுமார் ஆறு ஆட்டத்துக்கு இரண்டே நிமிடம். முரட்டு மோதலை நம்பியே பிழைத்தவர்கள் நிறைந்த வேலையில் இது சாதாரணமில்லை. எதிராளி அடுத்து எங்கே போவான் என்பதை முன்பே கண்டுகொள்வார். அவனை மெல்லப் பலகை ஓரமாக ஒதுக்குவார். பக் எனும் ரப்பர் வட்டு வரும் வழியில் அவர் ஸ்டிக் ஏற்கெனவே காத்திருக்கும். இடத்தை முதலிலேயே பிடித்தவனுக்கு இழுக்கவோ தள்ளவோ வேண்டியிருக்காது. நாரிஸ் விருதில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அப்போதும் அவர் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு ஏழு முறை வென்றார். அந்த அடக்கத்தைக் கற்றுக்கொள், தம்பி. பக்கை அடிக்கும் வேகத்தை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள்.

4. கோல் விழுந்தால் அடுத்த ஷிஃப்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதே. முக்கால் நிமிடம் களத்தில் இருக்கப்போகிறாய், அதில் வருந்த நேரமில்லை. இரவில் காணொளியைப் போட்டு நிதானமாகப் பார்.

5. உன் ஜோடியைக் காப்பாற்று. பக்கை எடுக்க அவன் கோலுக்குப் பின்னால் திரும்பும்போது, முதுகில் மோத வருபவனை அவனால் பார்க்க முடியாது. நீதான் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் ஒரு மூத்தவர் இருந்தார். கோல் விழுந்து வெளியே வந்து உட்கார்ந்ததும், பயிற்சியாளர் வாய் திறக்கும் முன்பே, “அது என் ஆள்” என்பார். பல நேரம் அது அவர் ஆளாக இருக்காது. அவரோடு ஜோடி சேர்ந்த இளைஞர்கள் பயமில்லாமல் ஆடினார்கள்.

6. வலியைத் தாங்கு. ஆனால் தலையில் பட்ட அடியை மறைக்காதே. 2010 பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் தடுப்பாட்டக்காரர் டங்கன் கீத்தின் வாயில் பக் பட்டு ஏழு பற்கள் போயின. அவர் அதே ஆட்டத்திலேயே திரும்ப வந்து ஆடினார். 2019 லீக் இறுதிப் போட்டியில் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஸ்டெனோ காரா உடைந்த தாடையோடு ஆடினார். இந்தக் கதைகளை உன்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அப்படி ஆடியவர்களை நானும் மதிக்கிறேன். ஆனால் பல் வேறு, தலை வேறு. ஸ்டீவ் மொன்டடோரும் நம்மைப் போலத் தடுப்பாட்டக்காரர்தான். 2015-ல் 35 வயதில் இறந்துபோனார். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. நோய் அவர் மூளையில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தலை சுற்றினாலோ வெளிச்சத்தில் கண் கூசினாலோ அன்றே மருத்துவரிடம் சொல். இடம் பறிபோகும் என்று பயமுறுத்துவார்கள். போகட்டும். உன் ஜோடி மறைக்கிறான் என்று தெரிந்தால், அவன் மாதக்கணக்கில் உன்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை, நீயே போய்ச் சொல்லிவிடு.