டர்போ காருக்கு ஏற்ற எண்ணெய் எது?

வெல்லப்பாகு சூட்டில் நீராய் ஓடுவதையும், ஆறியதும் தடித்துவிடுவதையும் நாம் சமையலறையில் காண்கிறோம். எஞ்சின் எண்ணெயும் அத்தகையதே. இத்தன்மையைப் பாகுநிலை என்கிறோம். பேச்சு வழக்கில் இதையே எண்ணெயின் 'வெயிட்' என்பர். ஆனால் எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எண்ணெய் டப்பாவில் '5டபிள்யூ-30' என்று காண்கிறோம் அல்லவா? 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் சிறிதாயின், எண்ணெய் குளிரிலும் எளிதாக ஓடும். பின்னுள்ள 30, எண்ணெய் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டும். 40 என்றால் இன்னும் தடிப்பு.

டர்போவுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிஸ் பொறியாளர் ஆல்பிரட் பூகி. எஞ்சினின் கழிவுப்புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மறு சக்கரம் காற்றை எஞ்சினுள் அழுத்துகிறது. அத்தண்டு நிமிடத்துக்கு 1 இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே!

எண்ணெய் மிகத் தடித்தால், காரைக் கிளப்பியதும் தண்டை விரைந்து அடையாது. மிக இளகினால், கடும் சூட்டில் படலம் அறுந்து தண்டு தேயும்.

ஆகவே, "தடித்த எண்ணெயே நல்லது" என்று எண்ணுவது தவறு. தயாரித்தவர் தந்த கையேட்டில் குறித்துள்ள எண்ணையும் தரத்தையும் பார்த்து வாங்குவதே முறை. நம் வீட்டில் கார் இருந்தால், இன்றே அக்கையேட்டைப் பிரித்துத் தந்தையிடம் காட்டுவோமாக!