பிடிஒய் எழுதும் தம்பிக்கு

குஜிலியம்பாறை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நிரலை வரி விடாமல் படித்தேன். நூற்பாலையின் பழைய கணக்கு மென்பொருளைப் பிடிஒய் என்ற போலி டெர்மினலில் ஆள் உட்காராமல் இரவில் ஓட்டி, காலையில் அறிக்கையை மேசையில் வைத்துவிடுகிறது. ஃபோர்க், செட்சிட், டப்2 எல்லாம் உனக்குத் தெரிந்தவை. அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. கடவுச்சொல்லை அனுப்பும் முன் இரண்டு விநாடி ஸ்லீப் போட்டிருக்கிறாயே, அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

ஸ்லீப் இல்லாமல் ஓட்டினால் கடவுச்சொல் காணாமல் போயிருக்கும். ஏன் போகிறது என்று தேடினாயா? கடவுச்சொல் கேட்கிற நிரல் முதலில் எதிரொலியை அணைக்கிறது. அதை டிசிஎஸ்ஏஃப்ளஷ் முறையில் செய்யும்போது, அதுவரை வந்து படிக்கப்படாமல் கிடக்கும் எழுத்துகளையெல்லாம் கர்னல் கொட்டிவிடும். நீ முந்திக்கொண்டு அனுப்பியது அதோடு போய்விடுகிறது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் ஆலைக் கணினி திணறுகிற நாளில் உன் இரண்டு விநாடி போதாது. எதிரொலி அணையும் முன்பே கடவுச்சொல் போய்ச் சேரும். அது அப்படியே திரும்பி வந்து உன் பதிவுக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஊகிக்காதே, கேள். லினக்ஸில் பிடிஒய்யின் மாஸ்டர் பக்கத்தில், அதாவது உன் நிரல் பிடித்திருக்கும் முனையில், நின்றுகொண்டே டிசிகெட்அட்ர் கேட்டால் ஆலை மென்பொருள் இருக்கும் ஸ்லேவ் பக்கத்தின் அமைப்பு கிடைக்கும். எதிரொலிக்கான ஈகோ கொடி அணைந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்பு. பைதானின் பிஎக்ஸ்பெக்ட் இதற்கென்றே வெயிட்நோஎக்கோ என்று ஒன்று வைத்திருக்கிறது.

எதிரொலி பற்றிய இதே புரியாமைதான் இன்னொரு இடத்திலும் தெரிகிறது. நீ அனுப்பிய கட்டளை உனக்கே திரும்பி வருகிறது என்று, வருகிற முதல் வரியை வெட்டி எறிகிறாய். மென்பொருள் முந்திக்கொண்டு ஏதாவது அச்சிட்டால் தேவையான வரி போய்விடும். அந்த வரியை அனுப்புவது ஆலை மென்பொருள் அல்ல, நடுவில் இருக்கும் லைன் டிசிப்ளின். என்டர் வரும்வரை வரியைப் பிடித்து வைப்பது, அழிப்பது, கன்ட்ரோல்-சி வந்தால் முன்னணியில் ஓடும் குழுவுக்கு சிக்இன்ட் அனுப்புவது, புதுவரிக்கு முன்னால் கேரேஜ் ரிட்டர்ன் சேர்ப்பது எல்லாம் அதன் வேலை. பைப்பில் இவை எதுவும் இல்லை. ஆனால் பைப் போட்டிருந்தால், எதிரில் டெர்மினல் இல்லை என்று கண்டு, மென்பொருள் தன் வெளியீட்டை பஃபர் நிரம்பும்வரை விடாது. அதனால்தான் நீ பிடிஒய்க்கு வந்தாய். வந்தபின் அதன் விதிகளைப் படிக்க வேண்டாமா? ஆள் இல்லாத இரவு ஓட்டத்தில், கடவுச்சொல் முடிந்து ஈகோ திரும்ப ஏறியபின் மாஸ்டர் பக்கத்திலிருந்தே அதை அணைத்துவிடு. முன்பே அணைத்தால் மேலே சொன்ன சோதனை பயன்படாது. வெட்டும் வேலையே இராது.

அந்த விதிகள் பழைய டெர்மினல்களிலிருந்து வந்தவை. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நான் இருந்த அலுவலகத்தில் எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடிய ஒரே பெட்டி. அதிலிருந்து சீரியல் கேபிள் போய் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பச்சை எழுத்து டெர்மினல். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து. 80-க்கு 24 திரை முழுவதும் நிறைய இரண்டு விநாடி ஆகும். கூட்டுகிற அம்மா கேபிளை இழுத்துவிட்டால் அந்த மேசையின் நிரலுக்கு சிக்ஹப் போய், அது முடிந்துவிடும். இன்று நீ எஸ்எஸ்எச்சில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் மாஸ்டர் பக்கம் மூடப்பட்டு அதே சிக்ஹப்தான் வருகிறது. கேபிள் போய்விட்டது, அதன் நடத்தை முழுவதையும் கர்னலுக்குள் மென்பொருளாக வைத்திருக்கிறார்கள்.

அந்தத் திரைகளில் தமிழ் வராது. வாடிக்கையாளர் பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப் குறிமுறையில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். ஒரு முறை அழித்தால் ஒரு வடிவம் போகும். யுனிகோடில் யுடிஎஃப்-8 வந்தபின் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒரு அழிப்பில் அந்த மூன்றும் சேர்ந்து போக, லினக்ஸ் 2.6.4-இல் ஐயுடிஎஃப்8 என்ற கொடி வந்தது. எஸ்எஸ்எச் வழியாக அதைச் சொல்லி அனுப்பும் முறை ஆர்எஃப்சி 8160 ஆக வந்தது 2017-இல்தான். உன் நிரலில் ஆள் உட்கார்ந்து தொழிலாளி பெயரைத் தமிழில் அடிக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் இந்தக் கொடியை நீ ஏற்றவில்லை. தானாக இருக்கும் என்று நம்பாதே. அது இல்லாவிட்டால் ஒரு அழிப்புக்கு ஒரு பைட் மட்டும் போய், மிச்ச இரண்டு பைட் குப்பையாக ஆலைக் கணக்கில் ஏறும்.

கொடி ஏற்றினாலும் முழுதாகத் தீராது. கேட் கட்டளையைத் தனியாக ஓட்டி 'கல்' என்று அடி. மூன்று குறி, ஒன்பது பைட், திரையில் இரண்டு கட்டம். ஒரு முறை அழி. கர்னல் வரியிலிருந்து புள்ளியை மட்டும் எடுக்கும். திரைக்கோ ஒரு கட்டம் பின்னால் போய் வெற்றிடம் போடச் சொல்லும். புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது என்பது அதற்குத் தெரியாது. திரையில் 'க' நிற்கும், என்டர் தட்டினால் நிரலுக்கு 'கல' போகும். முன்னால் கேள்வி வாசகம் இருக்கும் நிரலில் மூன்று முறை அழித்தால் அந்த வாசகத்தின் எழுத்தையே தின்றுவிடும். பாஷ் தன் வரியைத் தானே திருத்திக்கொள்வதால் பலர் இதைக் கண்டதே இல்லை. கண்ட தமிழரும் பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

தம்பி, ஃபோர்க்குக்குப் பிறகு தாய் நிரலில் ஸ்லேவ் பக்கத்தை மூடியிருக்கிறாய். பிள்ளை நிரல் முடிந்ததும் மாஸ்டரில் வரும் இஐஓ-வைப் பிழை என்று அலறாமல் முடிவு என்று எடுத்திருக்கிறாய். சாளர அளவு மாறியதும் உள்ளே சொல்லி சிக்விஞ்ச் போக வைத்திருக்கிறாய். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதிய நிரல்கள், அந்த முதல் மூடலை விட்டதால் ரீடில் மாட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பகுதியில் திருத்த ஒரு எழுத்து இல்லை. இவ்வளவு சுத்தமான பிடிஒய் நிரலை நம் பக்கத்துப் பையன் எழுதி நான் படித்ததில்லை.

ஸ்லீப்பை எடு, கடவுச்சொல் முடிந்தபின் ஈகோவை அணை, ஐயுடிஎஃப்8-ஐ ஏற்று, திருப்பி அனுப்பு. பிறகு கர்னலின் என்-டிடிஒய் மூலநிரலில் எழுத்தை அழிக்கும் பகுதியைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. 'கல்' சரியாக அழிய ஒரு திருத்தம் எழுதி, உன் பெயரில் கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவோம்.

அன்புடன்,
அண்ணன்