விதை நெல் வாங்க எக்ஸெல் கணக்கு

"கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு, கேம்ஸ் தவிர வேறு எதற்குப் பயன்படுத்தலாம்?" என்று கேட்கும் விவசாய வாசகர்களுக்காக இந்தப் பாடம். இயற்கை முறையில் மாப்பிள்ளைச் சம்பா பயிரிட எவ்வளவு விதை, யாரிடம், எப்போது ஆர்டர் செய்வது என்று எக்ஸெல்லில் கணக்கிடலாம். என் ஒரு ஏக்கருக்கு நான் வைத்திருக்கும் ஷீட் இதுதான். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே முறைதான்.

முதலில் தேவையான விவரங்கள்

நீண்டகால ரகங்களுக்கு நடவு முறையில் எக்டருக்கு 30 கிலோ விதை, அதாவது ஏக்கருக்கு 12 கிலோ போதும். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். பாரம்பரிய விதையைப் பெரும்பாலும் விவசாயிகளிடமே வாங்குகிறோம். அதில் சான்று அட்டை இருக்காது. ஆகவே மாதிரி வாங்கி, 100 நெல்மணிகளை ஈரத் துணியில் மடித்து, காயாமல் வைத்திருங்கள். இரண்டு வாரத்திற்குள் எத்தனை முளைக்கிறதோ அதுவே சதவீதம். பூஞ்சாணக்கொல்லி கலக்காத விதைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட் தயாரித்தல்

1. முதல் வரிசையில் ஏ1 முதல் ஜி1 வரை தலைப்புகளை டைப் செய்யவும்: விற்பவர், ஏக்கர், ஏக்கருக்குக் கிலோ, முளைப்பு சதவீதம், வாங்கும் அளவு, கிலோ விலை, மொத்தம்.

2. இரண்டாம் வரிசையில் முதல் விற்பவரின் விவரம்: ஏக்கர் 1, கிலோ 12, முளைப்பு 60, விலை 60. மூன்றாம் வரிசையில் அடுத்தவர்: 1, 12, 80, 72. (விலைகள் உதாரணத்திற்கு மட்டும். 60, 80 என எண்ணை மட்டும் டைப் செய்யவும். சதவீதக் குறி வேண்டாம்.)

3. இ2 செல்லில் = டைப் செய்து, பி2-ஐ க்ளிக் செய்யவும். பிறகு *, சி2 க்ளிக், *80/, டி2 க்ளிக், என்டர். 16 என்று விடை வரும்.

4. ஜி2-வில் =, இ2 க்ளிக், *, எஃப்2 க்ளிக், என்டர்.

5. இ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கவும். ஃபார்முலா இ3-க்கு காப்பி ஆகும். ஜி2-வையும் அப்படியே இழுக்கவும்.

இப்போது பாருங்கள்: கிலோ 60 ரூபாய் விதைக்கு மொத்தம் 960 ரூபாய், 72 ரூபாய் விதைக்கு 864 ரூபாய்தான். விலை குறைந்த விதைதான் அதிகச் செலவு வைக்கிறது. அதோடு, முளைப்பு குறைந்த விதையில் நாற்றும் வீரியமாக வருவதில்லை.

எப்போது ஆர்டர் செய்வது?

இந்த ரகத்தின் வயது சுமார் 160 நாள். ஏ6-ல் அறுவடைத் தேதியாக 15/01/2027 என்று டைப் செய்யவும். தேதி செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக எடுக்கவில்லை என்று பொருள். உங்கள் கம்ப்யூட்டர் மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. 01/15/2027 என்று மாற்றி டைப் செய்யுங்கள். பி6-ல் =, ஏ6 க்ளிக், -160, என்டர். 2026 ஆகஸ்ட் 8 விதைப்பு நாள். சி6-ல் =, பி6 க்ளிக், -30. ஜூலை 9-க்குள் மாதிரி கையில் இருக்க வேண்டும். முளைப்பு பார்க்க இரண்டு வாரம், சரியில்லையென்றால் வேறு இடத்தில் வாங்க இரண்டு வாரம். நாற்றங்காலில் தூவிய பிறகு முளைக்கவில்லை என்று தெரிந்தால், பணத்தோடு பருவமும் போய்விடும்.

ஃபைலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த ஆண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.