முகமூடி கடைசிப் பாதுகாப்பு

கேள்வி: கையுறை, முகமூடி கொடுத்தாலும் மருந்தடிக்கும் தொழிலாளர்கள் போடுவதில்லை. பிறகு நிர்வாகத்தைக் குறை சொல்லலாமா?
– வாசகர், லெம்பா பெர்த்தாம்

பதில்: போடாதது தவறுதான். ஆனால் முதுகில் மருந்துத் தொட்டியோடு வழுக்கும் தேயிலைச் சரிவில் மூச்சுவாங்க ஏறுபவர் முகமூடியைக் கழற்றத்தான் செய்வார். அதனால்தான் ஆபத்தையே அகற்றுவது முதல் வேலை, கவசம் கடைசி. உதாரணத்துக்கு, பாராகுவாட் களைக்கொல்லி ஒரு மிடறு உள்ளே போனாலே உயிர் போகலாம், முறிமருந்தும் இல்லை. மலேசியா 2002இல் தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடுத்தது. மலிவு என்ற வாதம் அத்தனை காலம் தாக்குப்பிடித்தது! 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் தொழிலாளி வேலையிடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. உங்கள் தோட்டத்து மண்டோரிடமும் இதைச் சொல்லுங்கள்.